தேறாத பிள்ளைக்கும் ஒரு பள்ளி

தேர்வு முடிவு வெளியாகும் நாளில் நாளேடுகளின் முதற்பக்கம் எப்படியிருக்கும் என்பது நமக்குத் தெரியும். முதலிடம் பெற்ற மாவட்டம் எது, நூற்றுக்கு நூறு வாங்கியோர் எத்தனை பேர், எந்தப் பள்ளி எத்தனை விழுக்காடு - இவையே கொட்டை எழுத்தில் வரும். மகளுக்கு இனிப்பு ஊட்டும் தாயின் படம் வரும். மகிழ்ச்சிதான், அந்த மகிழ்ச்சியில் நமக்கும் பங்கு உண்டு. மூன்று தலைமுறைக்கு முன்பு பள்ளிக்கூடத் திண்ணையில் உட்காரவும் விடாத வீட்டுப் பிள்ளைகள் இன்று மதிப்பெண் பட்டியலோடு நிமிர்ந்து நிற்கிறார்கள் என்றால், அது யாரும் இட்ட பிச்சை அல்ல. போராடிப் பெற்ற பேறு.

ஆனால் கொட்டை எழுத்தில் வராத கணக்கு ஒன்று உண்டு. அதை நாமே கழித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

2025ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் பத்தாம் வகுப்பு முடிவு வந்தது. எழுதியோர் 8,71,239 பேர். தேறியோர் 8,17,261 பேர். நூற்றுக்கு 93.80. நல்ல தேர்ச்சி என்று நாடு பாராட்டியது. கழித்துப் பாருங்கள் தோழர்களே: 53,978 பேர் தேறவில்லை! அவர்களில் ஆண் பிள்ளைகள் 36,042 பேர். பெண் பிள்ளைகள் 17,936 பேர். வகுப்புக்கு 40 பேர் என்று உட்காரவைத்தால் 1,349 வகுப்பறைகள் நிறையும். மேலும் 18 பேர் தாழ்வாரத்தில் நிற்பார்கள். இது தேர்வு எழுத வந்தவர்களின் கணக்கு மட்டுமே. ஒன்பதாம் வகுப்பிலேயே நின்றுவிட்டவன் இதில் இல்லை. பெயர் கொடுத்துவிட்டுத் தேர்வறைக்கு வராதவன் இதில் இல்லை. 2023 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்பு மொழித் தேர்வன்று சுமார் 50 ஆயிரம் பேர் வராமற்போனதை நாடே கண்டு திகைத்தது அல்லவா? அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் கேட்பது ஒரே கேள்வி: அந்த 53,978 பேரும் மறுநாள் காலையில் எங்கே போவார்கள்? தேறியவனுக்கு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது, பாலிடெக்னிக் இருக்கிறது, ஐ.டி.ஐ. இருக்கிறது. தேறாதவனுக்கு என்ன இருக்கிறது?

மலைக்குப் பின்னே

இந்தக் கேள்வியைச் சென்னையிலே நின்று கேட்பதைவிடத் திருவண்ணாமலையிலே நின்று கேட்கலாம். மலையைச் சுற்றும் 14 கிலோமீட்டர்ப் பாதையில், நகரத்திலிருந்து பார்த்தால் மலைக்குப் பின்புறமாக இருக்கிறது அடி அண்ணாமலை. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியது இங்கேதான் என்பர். பொழுது புலர்ந்த பின்னும் உறங்கிக் கிடப்பவரை எழுப்பும் பாட்டு அது. அன்று எழுப்பப்பட்டவர்கள் இளம்பெண்கள். இன்று எழுப்ப வேண்டியது ஆட்சிப் பீடங்களை!

பௌர்ணமிதோறும் இந்தப் பாதையில் இலட்சக்கணக்கானவர் நடக்கிறார்கள். கார்த்திகைத் தீபத்தன்று கூட்டம் சொல்லி முடியாது. 2024இல் திருவண்ணாமலை மாநகராட்சியும் ஆயிற்று. விடுதிகள் எழுகின்றன, மனைகளின் விலை ஏறுகிறது. ஆனால் இந்த ஊர்களில் வாழும் கூலிக்காரர் வீட்டில், பத்தாம் வகுப்பில் கணக்கிலும் ஆங்கிலத்திலும் தவறிய பதினைந்து வயது மகனுக்கு இந்த வளர்ச்சி எதைக் கொடுக்கிறது? வேலையைக் கொடுக்கிறது - தாராளமாகக் கொடுக்கிறது. உணவு விடுதியில் மேசை துடைக்கும் வேலை, கட்டடத்தில் கலவை தூக்கும் வேலை, பௌர்ணமி இரவில் பாதையோரக் கடையில் கண்விழிக்கும் வேலை. மாவட்டத்தின் மறுபக்கம் போனால் செய்யாற்றில் காலணித் தொழிற்சாலைகள், ஆரணியில் தறி. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கினால் அண்டை மாநிலங்களுக்குக் கூலியாகப் போகும் வழி. 2015 ஏப்ரல் 7ஆம் நாள் சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 தமிழர்களில் இந்த மாவட்டத்து மலையடி ஊர்களைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். கூலி தேடிப் போனவர்களின் பிணம் திரும்பி வந்ததை அந்த ஊர்கள் மறக்கவில்லை; நாமும் மறக்கவில்லை.

வேலைக்குப் போவது இழிவல்ல. இந்த ஏட்டைப் படிப்போரில் பெரும்பாலோர் உழைத்து உண்பவர்கள். ஆனால் உழைப்பாளியின் மகன் தானே விரும்பி ஒரு தொழிலைத் தேர்ந்துகொள்வது வேறு. எல்லாக் கதவும் அடைபட்டபின் திறந்திருந்த ஒரே கதவுக்குள் தள்ளப்படுவது வேறு. முன்னது உரிமை, பின்னது விதி என்ற பெயரில் நடக்கும் மோசடி.

நடு ஆற்றில் தூண் இல்லை

சட்டம் என்ன சொல்கிறது? இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 6 வயது முதல் 14 வயது வரை கல்வி உரிமை. பள்ளி போகாத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பிலே சேர்த்துத் தனிப் பயிற்சி தர வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. நல்லது. பிள்ளைக்குப் பதினைந்தாவது வயது பிறந்ததும் அந்த உரிமை போய்விடுகிறது! அதே நேரத்தில் 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் என்ன செய்கிறது? 14 வயது முடிந்தவனைச் சுரங்கம், வெடிபொருள், ஆபத்தான தொழில் ஆகியவை நீங்கலாக மற்ற வேலைகளில் வைத்துக்கொள்ளலாம் என்கிறது. படிக்கும் உரிமை முடிகிற நாளும், வேலைக்கு வைத்துக்கொள்ளும் அனுமதி தொடங்குகிற நாளும் ஒன்று. எவ்வளவு பொருத்தமான ஏற்பாடு! முதலாளிமார் சங்கம் கூடி எழுதியிருந்தாலும் இதைவிடப் பொருத்தமாக எழுதியிருக்க முடியாது.

இனி, தமிழ்நாட்டுத் திட்டங்களைப் பார்ப்போம். இவை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்பவை. 1920இல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சிக் காலத்தில் தொடங்கிய பகலுணவு, 1956இல் காமராசர் ஆட்சியிலும் 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியிலும் விரிந்து பரவியது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவு ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு. 'எண்ணும் எழுத்தும்' என்பதும் தொடக்க வகுப்புகளுக்கு. 2021இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' எட்டாம் வகுப்பு வரைக்கும். 2025இல் வந்த 'திறன்' பயிற்சி ஒன்பதாம் வகுப்பைத் தொட்டு நிற்கிறது. மறு கரைக்குப் போவோம். அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' 2022இல் வந்தது. ஆண் பிள்ளைக்கான 'தமிழ்ப் புதல்வன்' 2024இல் வந்தது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. ஆட்சிகள் மாறின, திட்டங்கள் சேர்ந்தன.

ஒவ்வொன்றும் வேண்டியதே. ஆனால் வரிசையாக எழுதிப் பாருங்கள். சில ஐந்தாம் வகுப்போடு முடிகின்றன. சில எட்டு, ஒன்பதோடு முடிகின்றன. மற்றவை பன்னிரண்டைத் தாண்டியவனுக்குத் தொடங்குகின்றன. இரு கரையிலும் பாலம் கட்டிவிட்டோம். வெள்ளம் ஓடும் நடு ஆற்றில் தூண் எழுப்ப மறந்துவிட்டோம். பதினைந்து, பதினாறு வயதில் பத்தாம் வகுப்பில் விழுந்தவனுக்கு, 'வா, இங்கே உட்கார், மறுபடி தொடங்குவோம்' என்று சொல்ல அரசின் பள்ளி ஒன்றும் இல்லை.

ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு என்று 2019இல் ஆணை வந்தபோது நாம் எதிர்த்தோம். 2020 பிப்ரவரி 4ஆம் நாள் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. பச்சைப் பிள்ளையை வடிகட்டும் சல்லடையை உடைத்தது சரியே. இன்னொரு முறை அதைக் கொண்டுவந்தால் இன்னொரு முறையும் எதிர்ப்போம். ஆனால் 'தோல்வி இல்லை' என்று சொன்னதோடு வேலை முடிந்துவிடாது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாமலே எட்டாம் வகுப்பு தாண்டிய பிள்ளைக்கு, அந்தக் கடன் ஒன்பதாம் வகுப்பிலே வட்டியோடு வந்து நிற்கிறது. கடனைத் தள்ளிப்போட்ட நாம், அடைக்கவும் வழிசெய்ய வேண்டாமா?

டுடோரியலும் தபாலும்

வழி இல்லாமலா இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. ஒன்று, டுடோரியல். 'பத்தாம் வகுப்பு தவறியவர்களா? கவலை வேண்டாம்' என்று சுவரில் எழுதிய விளம்பரத்தைப் பார்க்காத ஊர் உண்டா? தவறிய பிள்ளையை வைத்து ஒரு வணிகமே தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. பணம் உள்ளவன் மகன் தவறினால் டுடோரியல். பணம் இல்லாதவன் மகன் தவறினால் சித்தாள் வேலை. இரண்டாவது வழி, தனித் தேர்வராக எழுதுவது. பெயரே சொல்கிறது: தனியாக விடப்பட்டவன்! மூன்றாவது, தில்லி அரசு 1989இல் தொடங்கிய திறந்தநிலைப் பள்ளி. பள்ளி என்பது பெயர். கையில் கிடைப்பது பாடநூலும் சில தொடர்பு வகுப்புகளும். ஐந்தரை மணிக்கு வேலை முடிந்து வீடு திரும்பும் பிள்ளை அந்தப் புத்தகத்தைத் தனியே புரட்டித் தேறிவிடுவான் என்றால், அவன் பள்ளியிலேயே தேறியிருப்பானே!

விழுந்த பிள்ளைக்கு வேண்டியது புத்தகக் கட்டு மட்டுமன்று. பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆசிரியர் வேண்டும். ஏன் நேற்று வரவில்லை என்று கேட்க ஆள் வேண்டும். அவனைப்போல விழுந்த இன்னும் சிலர் பக்கத்தில் வேண்டும். சுருங்கச் சொன்னால் பள்ளி வேண்டும். சிறிய பள்ளி வேண்டும்.

இது கனவா?

இல்லை. இந்த நாட்டிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். 1988இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் ஒன்பது மாவட்டங்களில் தொடங்கியபோது தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளின் சிவகாசி அதில் ஒன்று. வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள் திறந்தார்கள். ஒரு பள்ளிக்கு ஐம்பது பிள்ளைகள், பாடம் சொல்ல இருவர், கைத்தொழில் சொல்ல ஒருவர், பகலுணவு, மாதந்தோறும் பிள்ளையின் பெயரில் சிறு உதவித்தொகை. ஆயத்தமானதும் பொதுப் பள்ளியில் சேர்த்துவிடுவார்கள். சின்னப் பள்ளி, குறைந்த பிள்ளைகள், வீடு தேடிப் போகும் ஆசிரியர் - தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் பீடிச் சுருளையும் தீக்குச்சியையும் கீழே வைத்துவிட்டுப் பிள்ளைகள் சிலேட்டை எடுத்தது இந்தப் பள்ளிகளால்தான்.

அதன் குறை என்ன? அதுவும் 14 வயதோடு கதவைச் சாத்தியது. ஆசிரியர்கள் நிரந்தரப் பணியாளர் அல்லர், மதிப்பூதியக்காரர்கள். முடிவு என்ன? 2021இல் தில்லி அரசு அத்திட்டத்தை 'சமக்ர சிக்ஷா'வில் கரைத்தது. 2022 மார்ச்சோடு அந்தச் சிறப்புப் பள்ளிகள் மூடப்பட்டன. அந்தச் சமக்ர சிக்ஷாப் பணத்தின் கதை நாடறியும். பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுப் புதிய கல்விக் கொள்கையை ஏற்றால்தான் பணம் என்று கூறி, 2024-25ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுக்கு உரிய 2,152 கோடி ரூபாயைத் தில்லி நிறுத்தி வைத்தது. 2025 மே மாதம் தமிழ்நாடு உச்ச நீதிமன்றப் படி ஏற வேண்டியதாயிற்று. ஏழைப் பிள்ளையின் சிலேட்டை அடகு பிடித்து மாநிலத்தை மிரட்டும் இந்த முறைக்கு என்ன பெயர் வைப்பது? கூட்டாட்சி என்று மட்டும் வைக்க முடியாது.

இன்னொரு சான்று வடக்கே, பனிமலை நாட்டிலிருந்து. 1980களில் லடாக்கில் பத்தாம் வகுப்பு எழுதிய பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் தோற்றார்கள். அவர்கள் என்ன, மூளையில்லாதவர்களா? வீட்டில் பேசுவது லடாக்கி. பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை உருது. ஒன்பதாம் வகுப்பில் திடீரென்று ஆங்கிலம். தோற்றது பிள்ளைகள் அல்லர். அவர்கள் தலையில் மொழி மேல் மொழியாக ஏற்றிய ஏற்பாடு. மொழித் திணிப்பின் விலையைத் தமிழனுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1988இல் அந்நாட்டு இளைஞர்கள் சோனம் வாங்சுக்கோடு சேர்ந்து 'செக்மோல்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். லே நகருக்கு அருகே பே என்ற ஊரில் மண் சுவரும் சூரிய வெப்பமும் கொண்ட வளாகம் கட்டினார்கள். பத்தாம் வகுப்பில் தோற்றவர்களுக்கு அங்கே வாசல் திறந்தது. தோல்விதான் அங்கே நுழைவுச்சீட்டு! 1994 முதல் அரசோடும் ஊர் மக்களோடும் கூடிப் பாடநூலைத் திருத்தி, ஆசிரியருக்குப் பயிற்சி தந்து, ஊருக்கு ஊர் கல்விக் குழு அமைத்தார்கள். தேர்ச்சி பன்மடங்கு உயர்ந்தது.

அந்த நிறுவனத்துக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பரில் லடாக்கில் மாநில உரிமைக் கிளர்ச்சி எழுந்தபோது, வெளிநாட்டு நன்கொடை பெறுவதற்கான அதன் பதிவைத் தில்லி அரசு இரத்து செய்தது. இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. நல்லோர் நடத்தும் பள்ளி நன்கொடையை நம்பி நிற்கிறது. நன்கொடை அனுமதியை நம்பி நிற்கிறது. அனுமதி ஒரு கையெழுத்தில் போய்விடும். பிள்ளையின் உரிமையை நல்லோரின் நன்மனத்தில் மட்டும் தொங்கவிடலாகாது.

திருவண்ணாமலைக்கும் 'மாற்றுக் கல்வி' என்ற சொல் புதிதல்ல. கணத்தம்பூண்டியில் 2009 முதல் மருதம் பண்ணைப் பள்ளி நடக்கிறது. மண்ணும் மரமும் கைவேலையும் பாடமாக, சிறு வகுப்பில், அச்சமின்றிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி. அதை நடத்தும் அறக்கட்டளை மலையில் மரம் வளர்க்கும் பணியையும் செய்கிறது. போற்றுகிறோம். ஆனால் நாம் கேட்பது வேறு. சிறு வகுப்பும், அன்பான ஆசிரியரும், அச்சமற்ற சூழலும் அறக்கட்டளை இருக்கும் ஊரில் மட்டும் ஏன் கிடைக்க வேண்டும்? அரசுப் பணத்தில், அரசு ஆசிரியரைக்கொண்டு, அந்த வளத்தை மிகவும் வேண்டி நிற்கும் பிள்ளைக்கு - விழுந்த பிள்ளைக்கு - ஏன் தரக்கூடாது?

ஐயம் சரியே

இந்த இடத்தில் நம் தோழர்கள் சிலர் புருவத்தை உயர்த்துவார்கள். 'படிப்பு வராதவனுக்குத் தனிப் பள்ளி என்றால், கொல்லைப்புறமாகக் குலக்கல்வி வருகிறதா?' என்று கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். 1953இல் ஆச்சாரியார் கொண்டுவந்த திட்டத்தை நாடு மறக்கவில்லை: அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில். 1954இல் அவரையும் இறக்கி, திட்டத்தையும் குழியில் தள்ளியது தமிழர் எழுச்சி. 2023இல் வந்த விஸ்வகர்மா திட்டத்திலும், பதினெட்டு வயதிலேயே குலத்தொழிலுக்குக் கடன் கொடுத்துக் கல்லூரி வாசலை மறைக்கும் அதே நாற்றத்தை நாம் கண்டோம், எதிர்த்தோம்.

வேறோர் ஆபத்தும் உண்டு. வெள்ளையர் காலத்தில் தொழிலாளர் நலத்துறை தொடங்கிய பள்ளிகள் பின்னர் ஆதித்திராவிடர் நலத்துறைப் பள்ளிகள் ஆயின. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் உண்டு. மலைகளில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் உண்டு. வாசலே இல்லாதவருக்கு வாசல் திறந்த பெருமை அவற்றுக்கு உரியது. ஆனால் தனித் துறை என்பது தனிக் கவனிப்பாகத் தொடங்கித் தனித்துவிடப்படுவதாக முடிந்த இடங்கள் எத்தனை! எல்லாப் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித்துறையின் ஒரே குடையின்கீழ்க் கொண்டுவர வேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு 2024இல் பரிந்துரைத்ததன் பொருளும் இதுவே. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 1919இல், வேலைக்குப் போகும் இளைஞர்களுக்காகத் தொடர்கல்விப் பள்ளிகளைச் சட்டமாக்கியது. நூறாண்டாகியும் அவை நடக்கின்றன. பின்தங்கிய மாணவன் குறைந்த நேர வகுப்பில் அங்கே பட்டயம் பெறலாம். பொதுப் பணத்தில் நடக்கும் சிறிய உயர்நிலைப் பள்ளிகள் அவை. ஆனால் தங்களுக்குத் தொல்லையான பிள்ளையை அங்கே தள்ளிவிட்டுக் கைகழுவும் பெரிய பள்ளிகளும் அங்கே உண்டு என்று அந்நாட்டு அறிஞர்களே குறைபட்டுக்கொள்கிறார்கள்.

ஆகவே நம் நிலை தெளிவாக இருக்கட்டும். சிறிய பள்ளி வேண்டும். சிறுமைப்பட்ட பள்ளி வேண்டாம். வேறு வழி வேண்டும். வேறு, தாழ்ந்த சான்றிதழ் வேண்டாம்.

நாம் கேட்பது

ஒன்று: தாலுக்காவுக்கு ஒரு சிறிய அரசு உயர்நிலைப் பள்ளி. ஒன்பது, பத்தில் நின்றவருக்கும் தவறியவருக்கும் அங்கே இடம். பதினான்கு அல்ல, பதினெட்டு வயது வரை அது உரிமையாக வேண்டும்.

இரண்டு: அதே பாடநூல், அதே பொதுத்தேர்வு, அதே சான்றிதழ். கைத்தொழில் வகுப்பு இருக்கலாம். அது கணக்கையும் அறிவியலையும் விளங்கவைக்கும் கருவியாக இருக்கட்டும், அவற்றுக்கு மாற்றாக அல்ல. எந்தப் பிள்ளைக்கு எந்தத் தொழில் என்பதை அவன் தந்தையின் தொழிலைப் பார்த்து எவரும் முடிவு செய்யக்கூடாது.

மூன்று: வகுப்புக்கு இருபது பேருக்கு மேல் வேண்டாம். ஆசிரியர் நிரந்தர ஆசிரியர், மதிப்பூதியக்காரர் அல்லர். பின்தங்கிய பிள்ளைக்குப் புதியவரை அனுப்பிப் பழகவிடும் வழக்கம் தலைகீழாக வேண்டும். தேர்ந்த ஆசிரியருக்கு ஊக்கத்தொகை தந்து இங்கே அழைக்க வேண்டும்.

நான்கு: காலை உணவும் பகலுணவும். பதினாறு வயதுப் பிள்ளைக்கும் பசிக்கும் என்பதை நிதித்துறைக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. வேலைக்குப் போய்க் கொண்டுவந்த கூலியை நிறுத்திவிட்டுப் பள்ளிக்கு வருபவனுக்கு மாத உதவித்தொகை வேண்டும். கல்லூரி போகிறவருக்கு 1,000 ரூபாய் தர முடிந்த மாநிலம் இவனுக்கும் தர முடியும்.

ஐந்து: ஊருக்கேற்ற நேரம். அடி அண்ணாமலையில் பள்ளி வைத்தால் பௌர்ணமி இரவு கடையில் விழித்த பிள்ளை மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வரமாட்டான். அவன் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று சிவப்பு மையில் எழுதுவதற்குப் பதிலாக, அன்று மதியம் பள்ளி வைக்க வேண்டும். காலண்டரை மாற்றுவது எளிது. பிள்ளையின் வாழ்வை இழப்பது பெரிது.

ஆறு: இரு பக்கமும் திறக்கும் கதவு. ஆயத்தமானவன் பொதுப் பள்ளிக்குத் திரும்பலாம். ஆனால் தேர்ச்சி விழுக்காட்டைக் காப்பாற்ற எந்தத் தலைமையாசிரியரும் பின்தங்கிய பிள்ளையை இங்கே தள்ளிவிடக் கூடாது. பெற்றோரும் பிள்ளையும் ஒப்பிய பின்னரே மாற்றம்.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். பிள்ளைகள் குறைந்து காலியாகக் கிடக்கும் அரசுக் கட்டடங்கள் எத்தனை ஊரில் இல்லை? தாலுக்காவுக்கு ஒன்று என்றால், மாநிலம் முழுமைக்கும் சில நூறு சிறிய பள்ளிகள்தாம். ஆண்டுதோறும் பல்லாயிரம் இளைஞரைப் பாதிப் படிப்போடு கூலிச் சந்தையில் கொட்டுவதற்கு நாடு கொடுக்கும் விலையை யார் கணக்குப் பார்த்தார்கள்? அந்த விலை எந்த வரவு செலவுத் திட்டத்திலும் எழுதப்படுவதில்லை; தொழிலாளியின் வீட்டு அடுப்பிலே எழுதப்படுகிறது.

கிளைகளுக்கு ஒரு வேலை

அரசு செய்யட்டும் என்று கைகட்டி இருப்பது நம் வழக்கமல்ல. நம் கிளைகள் படிப்பகம் நடத்தி வளர்ந்தவை; தேநீர்க்கடையில் ஒருவர் ஏடு படிக்கப் பத்துப் பேர் கேட்டு அரசியல் கற்ற மரபு நம்முடையது. ஆகவே ஒவ்வொரு கிளையும் தன் ஊரில், தன் தெருவில், ஒன்பதிலும் பத்திலும் நின்ற பிள்ளைகளின் பட்டியலை எடுக்கட்டும். வீடு தேடிச் செல்லுங்கள். 'பையன் எங்கே?' என்று கேளுங்கள். தேர்வு முடிவுக்குப் பின் வரும் துணைத் தேர்வுக்கு விண்ணப்பம் போட வழிகாட்டுங்கள். படித்த தோழர்கள் மாலையில் இரண்டு மணி நேரம் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் தொழிலாளத் தாய்மார்கள் இடம்பெறட்டும். நின்ற பிள்ளைகளின் பெயரை அந்தக் கூட்டத்தில் உரக்கப் படிக்கட்டும். அந்தப் பட்டியலோடு சட்டமன்ற உறுப்பினரின் வாசலில் நில்லுங்கள் - அவர் எந்தக் கட்சியினராயினும் சரி, நம் கட்சியினராயினும் சரி.

தொண்டர் வகுப்பு அரசுப் பள்ளிக்கு மாற்றாகிவிடாது. பள்ளி வரும் வரையில் பிள்ளை தவறிவிடாதபடி பிடித்துக்கொள்ளும் கை, அவ்வளவே. அந்தக் கை சோர்வதற்குள் பள்ளி வர வேண்டும், வரவழைக்க வேண்டும்.

சென்ற தலைமுறை, 'எங்கள் பிள்ளையை உள்ளே விடு' என்று பள்ளி வாசலில் நின்று கேட்டது, வென்றது. இந்தத் தலைமுறை கேட்க வேண்டியது: 'உள்ளே வந்த பிள்ளையை வெளியே விடாதே! விழுந்தால் தூக்கிவிடு!' முதல் கோரிக்கையைக் கேட்டபோதும், நடக்காத காரியம் என்று சிரித்தவர்கள் உண்டு. சிரித்தவர்களின் பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை. பட்டியலை எடுங்கள் தோழர்களே. அடுத்த தேர்வு முடிவு வருவதற்குள் எடுங்கள்.